கார்ன் ஸ்நேக் மார்ஃப் பெயர்களைப் பிரித்துப் படிப்பது எப்படி? புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கார்ன் ஸ்நேக் என்ற செல்லப் பாம்பை வாங்கலாம் என்று முடிவு செய்து விற்பனைப் பட்டியலைத் திறந்தால் மார்ஃப் பெயர்களே, அதாவது நிறத்தையும் கோலத்தையும் குறிக்கும் வகைப் பெயர்களே, மிரட்டிவிடும். "ஸ்னோ மாட்லி, 100% ஹெட் ஹைப்போ, 66% பாசிபிள் ஹெட் லாவெண்டர்" என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். விளக்கம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பாடப்புத்தகத்தில் பாதி, வளர்ப்பவர்களின் பேச்சில் பாதி என்று சிதறிக் கிடந்ததை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன். நீங்களாவது சுற்றி அலையாமல் இருக்கலாம்.

எந்தப் பெயரைப் பார்த்தாலும் அதற்குள் என்னென்ன மரபணு இருக்கிறது என்று முதலில் ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள். விலை நியாயமா, குட்டி எந்த நிறத்தில் வரும், எந்த ஜோடி பொருந்தும் என்பதெல்லாம் அந்தத் தாளிலிருந்தே தெரிந்துவிடும்.

1. முதலில் நார்மல் பாம்பைக் கண்ணுக்குப் பழக்குங்கள்

காட்டில் உள்ள அதே நிறத்தில் இருக்கும் பாம்பை "நார்மல்" அல்லது "வைல்டு டைப்" என்பார்கள். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த உடம்பு, முதுகு நெடுக செந்நிறத் திட்டுகள், ஒவ்வொரு திட்டையும் சுற்றிக் கறுப்புக் கரை. திருப்பிப் பார்த்தால் வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக இருக்கும்.

இதில் உள்ள நிறங்களை மூன்றாகப் பிரித்து மனதில் வையுங்கள்: கறுப்பு (இதுதான் மெலனின்), சிவப்பு, மஞ்சள். நிற மார்ஃப்களில் பெரும்பாலானவற்றில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் போயிருக்கும், குறைந்திருக்கும், அல்லது வேறாக மாறியிருக்கும். வடிவ மார்ஃப் என்பது தனி. அது திட்டுகள் அமையும் விதத்தை மாற்றும். ஒரே பாம்பில் இரண்டும் சேர்ந்து வரலாம். "ஸ்னோ மாட்லி" என்றால் நிறம் ஸ்னோ, வடிவம் மாட்லி.

2. 'ஹெட்' என்றால் என்ன என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு மரபணுவும் பாம்பிடம் இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. கார்ன் ஸ்நேக்கில் பிரபலமான மார்ஃப்களில் பெரும்பாலானவை ஒடுங்குதன்மை கொண்டவை. அதாவது இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் வெளியே தெரியும். ஒரே விளக்குக்கு இரண்டு சுவிட்ச் வைத்த மாதிரி: எது ஒன்று போட்டிருந்தாலும் விளக்கு எரியும், இரண்டும் அணைந்தால்தான் இருட்டு.

அமெல் என்ற மார்ஃபை எடுத்துக்கொள்வோம். இதில் கறுப்பு நிறமி இருக்காது. இரண்டு பிரதியும் மாறியிருந்தால் பாம்பு அமெல். இதை "விஷுவல்" அல்லது "ஹோமோசைகஸ்" என்பார்கள். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் பாம்பு பார்க்க அச்சு அசல் நார்மல்தான், ஆனால் அந்த மாறிய பிரதியைச் சுமந்துகொண்டிருக்கும். இதுதான் "ஹெட் அமெல்".

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடங்கள் சில உண்டு.

"இந்தப் பாம்பு ஹெட்" என்று மொட்டையாகச் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. எதற்கு ஹெட் என்று கேளுங்கள். மரபணுவின் பெயர் வராவிட்டால் அதை நார்மல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெட் பாம்பு "கொஞ்சம் வெளிறி இருக்கும், பார்த்தாலே தெரியும்" என்று சொல்பவர்கள் உண்டு. டிஃப்யூஸ்டு போன்ற ஓரிரு மரபணுக்களில் ஹெட்டுக்குச் சில அடையாளம் தெரிவதுண்டு. அமெல், அனெரி போன்றவற்றில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மாறிய பிரதி தாயிடமிருந்து வந்தால் ஒரு மாதிரி, தந்தையிடமிருந்து வந்தால் வேறு மாதிரி என்பதெல்லாம் இந்த வழக்கமான மார்ஃப்களில் கிடையாது. ஸ்னோ ஆணுக்கு நார்மல் பெண்ணைச் சேர்த்தாலும், நார்மல் ஆணுக்கு ஸ்னோ பெண்ணைச் சேர்த்தாலும் பலன் ஒன்றுதான்.

ஓங்குதன்மை கொண்ட மரபணுவும் உண்டு. டெசரா அப்படி ஒன்று. முதுகில் நீளமாக ஒரு கோடு, பக்கவாட்டில் உடைந்து சிதறிய புள்ளிகள். இதற்கு ஒரு பிரதி போதும், வெளியே தெரிந்துவிடும். ஆகவே நார்மலாகத் தெரியும் பாம்பைக் காட்டி "ஹெட் டெசரா" என்று யாராவது விற்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். அப்படி ஒளிந்திருக்கும் டெசரா கிடையாது. டெசரா பெற்றோருக்குப் பிறந்து, டெசராவாகத் தெரியாத குட்டியிடம் அந்த மரபணுவே இல்லை.

3. ஒற்றை மரபணுக்களை முதலில் படியுங்கள்

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கீழே உள்ளவை தெரிந்தால் பட்டியலில் வரும் பெரும்பாலான பெயர்களைப் பிரித்துவிடலாம்.

அமெல்: கறுப்பே இல்லை. சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை மட்டும். கண்ணும் சிவந்திருக்கும். முட்டையிலிருந்து தலை நீட்டிய அன்றே அடையாளம் தெரியும். சிலர் "அல்பினோ" என்றும் எழுதுவார்கள்.

அனெரி: சிவப்பு இல்லை. சாம்பலும் கறுப்புமாக இருக்கும். வளர வளரத் தாடைக்குக் கீழேயும் கழுத்தின் பக்கங்களிலும் மஞ்சள் ஏறும்.

சார்கோல்: பார்க்க அனெரி மாதிரியே. ஆனால் கழுத்து மஞ்சள் பெரும்பாலும் வராது. முன்பு இதை "அனெரி பி" என்று அழைத்ததால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு மரபணு. இதன் விளைவை அடுத்த படியில் பாருங்கள்.

ஹைப்போ: கறுப்பு குறைந்து பழுப்பாகும், மற்ற நிறங்கள் பளிச்சென்று எழும். கண் சாதாரணமாகவே இருக்கும். இதே போன்ற தோற்றம் தரும் சன்கிஸ்டு, லாவா ஆகியவையும் தனித்தனி மரபணுக்கள். சும்மா "ஹைப்போ மாதிரி" என்று எழுதியிருந்தால் எந்த ஹைப்போ என்று கேட்க வேண்டும்.

காரமெல்: சிவப்பு போய் மஞ்சளும் பழுப்பும் நிற்கும்.

லாவெண்டர்: வளர்ந்தபின் சாம்பல் கலந்த இளம் ஊதா.

டிஃப்யூஸ்டு: பக்கவாட்டுக் கோலம் கலைந்து மங்கும், வயிற்றில் கட்டம் இருக்காது. இந்த மரபணுவோடு அடர்ந்த சிவப்பையும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்ததுதான் "பிளட்ரெட்".

மாட்லி, ஸ்ட்ரைப்: முன்னதில் முதுகுத் திட்டுகள் ஒன்றோடொன்று இணைந்து இடையில் வட்டவட்டமாக இடைவெளி விடும், பின்னதில் நீளக் கோடுகள். இரண்டுமே ஒரே மரபணுவின் இரு மாற்றுவடிவங்கள். அதனால் மாட்லிக்கு ஸ்ட்ரைப்பைச் சேர்த்தால் நார்மல் வராது; குட்டிகள் பெரும்பாலும் மாட்லி போலத்தான் தெரியும், உள்ளே ஒரு ஸ்ட்ரைப் பிரதி இருக்கும்.

படத்தை மட்டும் பார்த்து வாங்குவதாக இருந்தால் வயிற்றுப் படத்தையும் கட்டாயம் கேளுங்கள். மாட்லி, ஸ்ட்ரைப், டிஃப்யூஸ்டு மூன்றிலும் வயிறு கட்டமில்லாமல் வெறுமையாக இருக்கும். முதுகுக் கோலம் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காக மாட்லி என்று விற்கப்படும் நார்மலை, வயிற்றில் வரிசையாக நிற்கும் கறுப்புக் கட்டங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

அல்ட்ரா என்ற ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இது அமெலின் அதே மரபணுவில் உள்ள இன்னொரு மாற்றுவடிவம். ஒரு பிரதி அல்ட்ரா, ஒரு பிரதி அமெல் என்றிருந்தால் "அல்ட்ராமெல்". அதைப் பார்க்க ஹைப்போவுக்கும் அமெலுக்கும் நடுவில் இருக்கும். அல்ட்ராமெல்லை அமெல்லோடு சேர்த்தால் சராசரியாகப் பாதி அல்ட்ராமெல், பாதி அமெல்.

4. கூட்டுப்பெயர்களை உடைத்து எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. கவர்ச்சியான பெயர்கள் பலவும் இரண்டு மூன்று ஒடுங்கு மரபணுக்கள் சேர்ந்தவை.

ஸ்னோ = அமெல் + அனெரி
பிளிசர்டு = அமெல் + சார்கோல்
கோஸ்ட் = ஹைப்போ + அனெரி
ஃபாண்டம் = ஹைப்போ + சார்கோல்
பட்டர் = அமெல் + காரமெல்
ஆம்பர் = ஹைப்போ + காரமெல்
ஓப்பல் = அமெல் + லாவெண்டர்
கிரானைட் = அனெரி + டிஃப்யூஸ்டு
பியூட்டர் = சார்கோல் + டிஃப்யூஸ்டு
அவலாஞ்ச் = அமெல் + அனெரி + டிஃப்யூஸ்டு

இப்போது ஸ்னோவையும் பிளிசர்டையும் பாருங்கள். இரண்டுமே வெள்ளைப் பாம்பு. வெள்ளைக்கு வெள்ளை சேர்த்தால் வெள்ளைக் குட்டி வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பிரித்து எழுதினால் வேறு கதை. இரண்டிலும் பொதுவாக இருப்பது அமெல் மட்டும். அனெரி ஒரு பக்கம், சார்கோல் மறுபக்கம். குட்டிக்கு அனெரியில் ஒரு பிரதிதான் கிடைக்கும், சார்கோலிலும் ஒரு பிரதிதான். ஆக அத்தனை குட்டியும் ஆரஞ்சு நிற அமெல், ஹெட் அனெரி, ஹெட் சார்கோல். ஒரு வெள்ளைக் குட்டிகூட வராது.

இன்னொன்று போட்டுப் பார்ப்போம். கோஸ்ட்டுக்கு ஸ்னோ. கோஸ்ட் = ஹைப்போ + அனெரி, ஸ்னோ = அமெல் + அனெரி. பொதுவானது அனெரி. குட்டிகள் எல்லாம் அனெரி, ஹெட் அமெல், ஹெட் ஹைப்போ. இரு பக்கமும் உள்ள மரபணு குட்டியில் வெளிப்படும், ஒரு பக்கம் மட்டும் உள்ளது ஹெட்டாக ஒளியும். விஷுவலுக்கு விஷுவல் சேர்க்கும்போது இந்த ஒரு விதி பிடிபட்டால் வேறு எந்தக் கருவியும் தேவையில்லை.

இணையத்தில் மரபணுக் கணிப்பான்கள் உண்டு, பயன்படுத்துங்கள். ஆனால் கையால் பத்துப் பதினைந்து ஜோடி போட்டுப் பழகியபின் பயன்படுத்துங்கள். தப்பான பெயரை உள்ளிட்டால் தப்பான விடைதான் வரும், அது தப்பு என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

பால் பைதான் (ball python) என்ற வேறொரு செல்லப் பாம்பை வளர்த்துவிட்டு இங்கே வருபவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அங்கே படித்த சொற்களை இங்கே கொண்டுவராதீர்கள். பால் பைதானில் கோஸ்ட் என்றால் ஹைப்போ என்ற ஒற்றை மரபணு. இங்கே அது இரண்டு மரபணுவின் கூட்டு. அங்கே பட்டர் ஒரு பிரதியிலேயே வெளிப்படும். இங்கே பட்டர் என்பது அமெலும் காரமெல்லும் இரண்டிரண்டு பிரதியாக இருந்தால்தான்.

5. மரபணுவே இல்லாத பெயர்களைத் தனியாக ஒதுக்குங்கள்

சில பெயர்களைப் பிரிக்கவே முடியாது. ஏனென்றால் அவை தேர்ந்தெடுத்துப் பெருக்கிய தோற்றத்தின் பெயர்கள்.

ஓக்கீட்டீ என்பது அகலமான கறுப்புக் கரையும் ஆழ்ந்த ஆரஞ்சும் உள்ள நார்மல்தான். மயாமி என்பது சாம்பல் பின்னணியில் சிவப்புத் திட்டு உள்ள நார்மல். கேண்டிகேன், சன்குளோ, ரிவர்ஸ் ஓக்கீட்டீ மூன்றுமே அமெல்தான். முதலாவதில் பின்னணி வெள்ளையாக, இரண்டாவதில் வெள்ளையே இல்லாமல், மூன்றாவதில் திட்டைச் சுற்றி அகலமான வெள்ளைக் கரையோடு வரும்படி பல தலைமுறை தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இவற்றை வாங்குவதில் தப்பே இல்லை. நல்ல ஓக்கீட்டீயைப் போல அழகான பாம்பு குறைவு என்பது என் எண்ணம். ஆனால் "ஹெட் கேண்டிகேன்" என்று எழுதியிருந்தால் அதை "ஹெட் அமெல்" என்று படியுங்கள், அந்த விலையே கொடுங்கள். கேண்டிகேனை வேறொரு அமெல்லோடு சேர்த்தால் அமெல் கட்டாயம் வரும், கேண்டிகேன் தோற்றம் வருமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கலப்பினங்களும் இந்த வரிசையில் நுழைந்துவிடும். கிரீம்சிக்கிள், ரூட்பீர் ஆகியவை கார்ன் ஸ்நேக்கை கிரேட் பிளெயின்ஸ் ராட் ஸ்நேக்கோடு சேர்த்து வந்தவை. ஜங்கிள் கார்ன் என்பதில் கிங் ஸ்நேக் கலந்திருக்கிறது. கலப்புக் குட்டிகள் சுத்தமான கார்ன் என்ற பெயரில் கைமாறிவிட்டால் பின்னால் வரும் எந்தக் கணக்கும் நம்ப முடியாததாகிவிடும். வாங்கும்போதே "வம்சத்தில் கலப்பு உண்டா" என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

6. சதவீத ஹெட்டை நிதானமாகப் படியுங்கள்

"66% ஹெட் அமெல்" என்றால் அந்தப் பாம்புக்குள் மூன்றில் இரண்டு பங்கு அமெல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது ஹெட்டாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். ஒரு குட்டி ஒன்று ஹெட், இல்லை ஹெட் இல்லை.

ஹெட் அமெல்லுக்கு ஹெட் அமெல் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று அமெல், இரண்டு ஹெட், ஒன்று முழு நார்மல். அமெல் தனியாகத் தெரியும். மீதி மூன்றும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். அவற்றில் இரண்டு ஹெட். அதனால்தான் அந்த மூன்றுக்கும் "66% ஹெட்" என்ற சீட்டு. ஹெட்டுக்கு முழு நார்மல் சேர்த்தால் பாதிக் குட்டி ஹெட்; "50% ஹெட்" அங்கிருந்து வருகிறது. பெற்றோரில் ஒருவர் விஷுவலாக இருந்தால் மட்டுமே, விஷுவலாகத் தெரியாத குட்டிகளும் "100% ஹெட்".

விலை பேசும்போது இது உதவும். இரண்டு 66% ஹெட்டை ஜோடியாக வாங்கினால் இரண்டுமே உண்மையில் ஹெட்டாக இருக்க ஒன்பதில் நான்கு வாய்ப்புதான், அதாவது 44 சதவீதம். இரண்டு 50% ஹெட் என்றால் நான்கில் ஒன்று. மூன்று வருடம் வளர்த்தபின் தெரியவரும் விஷயம் இது. ஆகவே சதவீத ஹெட்டுக்கு நார்மலை விட மிக அதிகமாகக் கொடுக்காதீர்கள். பாம்பு பிடித்திருந்தால் வாங்குங்கள், ஹெட் உண்மையாக இருந்தால் கூடுதல் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிரூபிக்க வழி உண்டா? உண்டு. அந்தப் பாம்பை விஷுவலோடு சேர்க்க வேண்டும். ஒரே ஓர் அமெல் குட்டி பிறந்தாலும் அது ஹெட் என்பது உறுதி. ஒன்றுகூட வராவிட்டால் ஹெட் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் குட்டி எண்ணிக்கை கூடக் கூட சந்தேகம் குறையும். உண்மையான ஹெட்டாக இருந்தும் ஆறு குட்டியும் நார்மலாகப் பிறக்க 64-இல் ஒரு வாய்ப்புதான். இப்போது உரித்த சட்டையை அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொள்ளும் வசதியும் சில மரபணுக்களுக்கு வந்திருக்கிறது. மூன்று வருடச் சாப்பாட்டுச் செலவோடு ஒப்பிட்டால் சோதனைக் கட்டணம் பெரிதாகத் தெரியாது.

7. இரண்டு மரபணுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் ஆசைப்படுவது ஸ்னோ. "அமெல் ஒன்று, அனெரி ஒன்று வாங்கிச் சேர்த்தால் ஸ்னோ வந்துவிடுமே" என்று தொடங்குவார்கள். முதல் தலைமுறையில் வருவது அத்தனையும் நார்மல், ஹெட் அமெல், ஹெட் அனெரி. அந்தக் குட்டிகளை வளர்த்து ஒன்றோடொன்று சேர்த்தால்தான் ஸ்னோவுக்கே வழி பிறக்கும்.

அந்த இரண்டாம் சேர்க்கையில் 16-க்கு 9 நார்மல், 3 அமெல், 3 அனெரி, 1 ஸ்னோ. சரி, 16 முட்டை கிடைத்தால் ஒரு ஸ்னோ நிச்சயம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முட்டைக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும். 16 முட்டையில் ஒரு ஸ்னோகூட வராமல் போக ஏறக்குறைய 36 சதவீத வாய்ப்பு உண்டு.

அதே டபுள் ஹெட்டுக்கு (இரண்டு மரபணுவுக்கும் ஹெட்டான பாம்புக்கு) ஒரு ஸ்னோவைச் சேர்த்துப் பாருங்கள். நான்கில் ஒன்று ஸ்னோ, ஒன்று அமெல், ஒன்று அனெரி, ஒன்று நார்மல். 16 முட்டையில் ஸ்னோ வராமல் போக ஒரு சதவீதமே வாய்ப்பு. இன்னொரு நன்மை: இங்கே பிறக்கும் எல்லா ஹெட்டும் 100%. சந்தேகச் சீட்டு ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. காசு குறைவாக இருந்தால் இரண்டு ஹெட் வாங்குவதற்குப் பதில் ஒரு விஷுவல், ஒரு ஹெட் என்று வாங்குங்கள்.

ஒன்றை ஒன்று மறைப்பதும் உண்டு. அமெலில் கறுப்பே இல்லாததால் அது கூடவே ஹைப்போவாகவும் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது கடினம். அனெரியும் சார்கோலும் ஒரே பாம்பில் இருந்தால் தனித்துத் தெரியாது. நீங்கள் எதிர்பார்க்காத நிறத்தில் குட்டி பிறந்தால் முதலில் இப்படி ஒளிந்திருந்தவற்றைச் சந்தேகியுங்கள்.

8. குட்டியின் நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்

நார்மல் குட்டி மங்கலாக, சாம்பல் கலந்த உடம்பில் அடர்ந்த திட்டுகளோடு இருக்கும். ஆரஞ்சு மெல்ல மெல்லத்தான் ஏறும். அனெரி, சார்கோல், லாவெண்டர், காரமெல் குட்டிகளை முதல் சில வாரங்களில் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது அனுபவசாலிகளுக்கே சிரமம். ஸ்னோ குட்டி இளஞ்சிவப்புச் சாயலோடு வெளிறி இருக்கும். வளர்ந்தபின் கழுத்தில் மஞ்சள் வரும். பிளட்ரெட் குட்டியில் கோலம் நன்றாகவே தெரியும், வருடங்கள் போகப் போகத்தான் சிவப்பில் கரையும்.

ஆகவே குட்டி வாங்கும்போது பெற்றோர் இருவரின் வளர்ந்த படத்தையும் கேளுங்கள். அமெல்லைக் கண்ணை வைத்தே உறுதி செய்யலாம். மற்றவற்றில் சில தடவை சட்டை உரித்தபின் எடுத்த படம் நம்பகமானது. சட்டை உரிக்கப்போகும் நாட்களில் நிறம் மங்கி, கண் நீலம் பூத்திருக்கும். அப்போது எடுத்த படத்தை வைத்து நிறத்தைப் பேசவே வேண்டாம்.

9. கையில் என்னென்ன எழுத்து இருக்க வேண்டும்

ஹெட் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நீங்கள் கொடுக்கும் காசு முழுக்கப் பதிவேட்டுக்குக் கொடுக்கும் காசு. வாங்கும் அன்றே கேட்டு வாங்க வேண்டியவை:

- பெற்றோர் இருவரின் மரபணு விவரம், விற்பனைப் பெயர் மட்டும் போதாது
- குஞ்சு பொரித்த தேதி, எந்த ஈட்டை (ஒரே தடவையில் இட்ட முட்டைகளை) சேர்ந்தது என்ற அடையாளம்
- அதே ஈட்டில் பிறந்த மற்ற குட்டிகள் என்ன நிறம் என்ற குறிப்பு
- ஹெட் 100 சதவீதமா, வாய்ப்பு மட்டுமா, எதை வைத்துச் சொல்கிறார் என்பது
- முதல் சட்டை உரித்த நாள், எத்தனை தடவை இரை எடுத்தது என்பது
- இவை எல்லாம் குறிக்கப்பட்ட ரசீது

மூன்றாவது குறிப்பை யாரும் கேட்பதில்லை. எனக்கு மிகவும் உதவியது அதுதான். "100% ஹெட் அமெல்" என்று சொல்லப்படும் குட்டியின் உடன்பிறப்புகளில் பாதி அமெல்லாக இருந்தால் ஒரு பெற்றோர் அமெல் என்பது கிட்டத்தட்டத் தெளிவாகிவிடும். விற்பவர் சொன்னதை அந்த ஒரு வரியை வைத்தே சரிபார்க்கலாம்.

சட்டத்தையும் வாங்கும் முன்பே பாருங்கள். இந்த இனம் சைட்டீஸ் (அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இல்லை. ஆனால் அதை வைத்து எங்கும் சுதந்திரமாக வைத்திருக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் செல்லப்பிராணியாக வைத்திருப்பதே சட்டவிரோதம். சில இடங்களில் உரிமம் வேண்டும், சில இடங்களில் இறக்குமதி ஆவணம் வேண்டும். எந்த மார்ஃபாக இருந்தாலும் சட்டத்துக்கு அது ஒரே இனம்தான். "இது பண்ணையில் பிறந்த ஸ்னோ, அதற்கு விதிவிலக்கு உண்டு" என்று யாராவது சொன்னால் அதிகாரிகளிடம் நேரடியாகக் கேளுங்கள்.

10. காலத்தையும் செலவையும் கணக்கிட்டபின் ஜோடி சேருங்கள்

பெண் பாம்பு குறைந்தது மூன்று வயது, 300 கிராம், மூன்று அடி என்ற அளவை எட்டிய பிறகே சேர்க்க வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. அவசரப்பட்டால் முட்டை உள்ளேயே சிக்கிப் பாம்பு இறந்துபோகலாம். முட்டையிட்ட பிறகு 27, 28 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய இரண்டு மாதம் அடைகாக்க வேண்டும்.

அமெல், அனெரி குட்டிகளை இன்று வாங்கினால் ஹெட் குட்டிகள் பிறக்க மூன்று வருடம், அவை வளர்ந்து ஸ்னோ பிறக்க இன்னும் மூன்று வருடம். ஆறு வருடம். ஸ்னோதான் வேண்டும் என்றால் ஸ்னோவையே வாங்கிவிடுவது எல்லா வகையிலும் மலிவு. பெருக்குவது அதில் விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும்.

விலையைக் கூட்டுவது மரபணுவின் எண்ணிக்கையும் புதுமையும். அதைத் தாண்டி உண்மையான செலவு எங்கே என்றால், நீங்கள் விரும்பாத நிறத்தில் பிறக்கும் குட்டிகளில். 16 குட்டிக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டும், ஒன்றாகப் போட முடியாது. குட்டி ஒன்றுக்கு வாரம் ஒரு பிங்கி எலி (முடி முளைக்காத எலிக்குஞ்சு) என்றாலும் இரண்டு மாதத்தில் 128 எலி. 9 நார்மலையும் யார் வாங்குவார்கள் என்பதை முட்டை வரும் முன்பே யோசித்து வையுங்கள். விற்காத பாம்பைக் காட்டில் விடுவது ஒருபோதும் வழியல்ல. அது 15, 20 வருடம் வாழக்கூடிய பிராணி, அவ்வளவு காலம் நம் பொறுப்பு.

நிறத்தைப் பற்றி மட்டுமே பேசும்போது விட்டுப்போகும் ஒன்று ஸ்டார்கேசர். இது ஒடுங்குதன்மை கொண்ட நரம்புக் கோளாறு. இரண்டு பிரதி கிடைத்த குட்டி தலையை மேல்நோக்கித் திருகி, சமநிலை இல்லாமல் தடுமாறும். இதன் ஹெட்டும் வெளியே தெரியாது. சன்கிஸ்டு வம்சங்களில்தான் இது அதிகம் கவனிக்கப்பட்டது. ஆனால் சன்கிஸ்டு மரபணு வேறு, இது வேறு. சன்கிஸ்டு வம்சம் உள்ள பாம்பைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பதிவேடு. பெண் பாம்பு விந்தணுவை உடலில் சேமித்து வைக்கும். அதே பருவத்தில் இரண்டாவது ஈடு இட்டாலும், ஏன், அடுத்த பருவத்தில் வேறு ஆணைச் சேர்த்தாலும்கூட, குட்டிகள் பழைய ஆணுடையதாக இருக்கலாம். எந்த ஆண், எந்தத் தேதியில் சேர்ந்தது என்று அன்றன்றே குறித்து வையுங்கள். ஆணை மாற்றியிருந்தால், அந்த ஈட்டுக் குட்டிகளின் சீட்டில் இரண்டு ஆண்களின் பெயரையும் எழுதுங்கள். தாய் விஷுவலாக இருந்தாலோ, இரண்டு ஆண்களுமே விஷுவலாக இருந்தாலோ தவிர எந்த ஹெட்டையும் 100% என்று எழுதாதீர்கள்.